உச்சமுனையில் பெயர் படித்தல்

கற்பிட்டியில் உச்சமுனைக்குப் படகு ஏறுவதற்கு முன் ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சீலா. இந்தக் கரையில் எந்த வாடியில் கேட்டாலும், நீண்டு ஒடுங்கிய உடலும் கூரிய பற்களும் உள்ள மீனைத்தான் சீலா என்று தூக்கிக் காட்டுவார்கள். சிங்களம் பேசுகிறவர் ஜீலாவா என்பார். இதே கடலின் மறுகரையில், தூத்துக்குடியில் இறங்கிச் சீலா வேண்டும் என்று கேளுங்கள். கையில் வருவது வேறு மீன். அதை நாம் அறக்குளா என்கிறோம், சென்னையில் வஞ்சிரம் என்கிறார்கள். நம்முடைய சீலாவுக்குத் தமிழ்நாட்டில் ஊளி என்று பெயர். நடுவில் கிடப்பது மன்னார் வளைகுடா மட்டுமே. இரண்டு கரையிலும் பேசுவது தமிழ்தான், இருவரும் சொல்வது சரிதான். ஆனால் எந்த மீன் எவ்வளவு பிடிபட்டது என்று கணக்கெடுக்கப் போகிறவர், சீலா என்று மட்டும் எழுதி வந்தால் அந்தக் கணக்கு குப்பைக்குத்தான்.

உயிரியலாளர்கள் முதலாவதை ஸ்பைரீனா ஜெல்லோ என்றும், இரண்டாவதை ஸ்கொம்பெரோமோரஸ் கொமர்சன் என்றும் எழுதுவார்கள். (ஸ்பைரீனாவில் வேறு இனங்களும் உண்டு. அவற்றையும் இங்கே சீலா என்றே சொல்வார்கள்.) லத்தீன் பெயர் என்றதும் பலருக்குப் பள்ளிக்கூடத்து மனப்பாடம் நினைவுக்கு வந்து அலுப்புத் தட்டுகிறது. இந்த அத்தியாயம் அதற்காகவே. பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லப்போவதில்லை, ஒரு பெயரை எப்படிப் படிப்பது என்றுதான் சொல்லப்போகிறேன். படிக்கத் தெரிந்தால் அந்த மீனைப் பற்றி யார், எப்போது, என்ன நினைத்தார், பிறகு யார் மாற்றினார் என்பதெல்லாம் அதே ஒற்றை வரியில் தெரியும்.

ஜெல்லோ என்பதையே பாருங்கள். பட்ரிக் ரசல் என்ற மருத்துவர் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறைப் படத்தோடு விவரித்து 1803இல் நூல் வெளியிட்டார். அங்கே மீனவர் வாயில் கேட்ட பெயரை அப்படியே எழுதிவைத்தார். அதை எடுத்துத்தான் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1829இல் இனப்பெயராக வைத்தார். ஜெல்லோ, ஜீலாவா, சீலா. கரையோரத்துச் சொல் ஒன்று பாரிசுக்குப் போய் லத்தீன் உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது.

எழுதும் முறை

இந்த நூலில் விஞ்ஞானப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை ரோம எழுத்தில் எழுத வேண்டும். பெயருக்கு இரண்டு சொல். முதற்சொல் பேரினம், அதன் முதல் எழுத்து பெரிய எழுத்து. இரண்டாவது இனத்துக்கு உரிய சொல், அது முழுவதும் சிறிய எழுத்து, மனிதர் பெயரிலிருந்து வந்திருந்தாலும்கூட. அச்சில் சாய்வெழுத்து, கையெழுத்தில் அடிக்கோடு. இரண்டாம் சொல்லைத் தனியே எழுதினால் அது பெயரே அல்ல.

சொற்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. இலங்கைப் பாடநூலில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம் தொகுதி ஆகிறது, வருணம் வரிசை ஆகிறது, சாதி பேரினம் ஆகிறது, இனம் சிற்றினம் ஆகிறது. பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வந்த படிகளுக்கே இரு கரையில் இரண்டு பெயர்! வருணம், சாதி என்ற சொற்கள் நம் சமூகத்தில் சுமக்கும் பாரத்தை நினைத்து நான் வரிசை, பேரினம் என்று எழுதுகிறேன். சிற்றினத்துக்கு மட்டும் நம் வழக்கப்படி இனம்.

அடைப்புக்குறியைக் கவனியுங்கள்

படகு மணலில் ஏறியதும் முதலில் காலில் மிதிபடுவது அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று நம் பழமொழி புகழும் அதே கொடி. அதன் முழுப் பெயர்: இபோமியா பெஸ்-காப்ரே (லி.) ஆர்.பிர். பெஸ்-காப்ரே என்றால் ஆட்டுக்கால். இலை நுனி பிளந்து குளம்பு போலிருப்பதால் சுவீடன் இயற்கையறிஞர் லின்னேயஸ் அப்படி வைத்தார். குறுந்தொகைப் புலவர் ஒருவர் இதே இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டிருக்கிறார். சுவீடன்காரருக்கு ஆடும் நெய்தல் நிலத்துப் புலவருக்கு மானும் தோன்றியிருக்கின்றன. ஓர் இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். என் வாக்கு மானுக்குத்தான்.

பெயருக்குப் பின்னால் வருவது பெயரிட்டவரின் அடையாளம். லி. என்பது லின்னேயஸ். அவர் 1753இல் இதைக் கொன்வொல்வுலஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். ரொபர்ட் பிரவுன் 1818இல் இபோமியாவுக்கு மாற்றினார். மாற்றியதும் முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் போகிறார், மாற்றியவர் வெளியே நிற்கிறார். இது தாவரங்களுக்கான வழக்கம். விலங்குகளில் மாற்றியவரைச் சொல்வதில்லை. முதலில் பெயரிட்டவரும் ஆண்டும் மட்டும், பேரினம் மாறியிருந்தால் அடைப்புக்குறிக்குள். அறக்குளாவை ஸ்கொம்பெரோமோரஸ் கொமர்சன் (லசெபேட், 1800) என்று எழுதுகிறோம். லசெபேட் அதை ஸ்கொம்பர் என்ற பேரினத்தில் வைத்திருந்தார் என்பது அந்த அடைப்புக்குறியின் செய்தி. சீலாவில் அடைப்புக்குறி கிடையாது: ஸ்பைரீனா ஜெல்லோ குவியே, 1829. அவர் வைத்த இடத்திலேயே இன்னும் இருக்கிறது.

கொடியைத் தாண்டி மணல்மேட்டில் ஏறினால் காலைக் குத்தும் முட்பந்துகள் உருளும். அது இராவணன் மீசை. செருப்பில்லாமல் ஏறாதீர்கள். விஞ்ஞானப் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் (பர்ம்.எஃப்.) மெர்ர். அந்த எஃப். என்பது லத்தீனில் மகன் என்ற சொல்லின் முதலெழுத்து. தந்தை யொஹானஸ் பர்மன் ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டே இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் எழுதியவர். மகன் நிக்கோலஸ் 1768இல் இந்தப் புல்லுக்குப் பெயரிட்டார். ஒரு புள்ளி வைத்த எழுத்தைத் தவறவிட்டால் மகனின் வேலை தந்தையின் கணக்கில் போய்விடும்.

இலங்கை மண்ணை மிதிக்காமலே லின்னேயஸ் நம் செடிகளை அறிந்த கதையும் இதோடு சேர்ந்தது. 1670களில் ஒல்லாந்துக் கம்பெனியின் மருத்துவராக இங்கே இருந்த பவுல் ஹெர்மன், செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி எடுத்துப் போனார். அவர் காலத்துக்குப் பின் அந்தத் தொகுப்பு எங்கெங்கோ போய், கடைசியில் கோபன்ஹேகனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் இருந்தது. அவர் லின்னேயசுக்கு அனுப்பினார். அதை வைத்து லின்னேயஸ் 1747இல் ‘ஃப்ளோரா சைலானிக்கா’ எழுதினார். அதில் இருசொற் பெயர் கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நீண்ட விவரணை வாசகம்தான் பெயர். ஆறு ஆண்டு கழித்து, 1753இல், எல்லாத் தாவரங்களுக்கும் இருசொற் பெயரை உறுதியாக்கினார். தாவரப் பெயர்களின் தொடக்க ஆண்டாக உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது அதுதான். விலங்குகளுக்கு 1758. அதற்கு முந்திய பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. ஹெர்மனின் உலர்ந்த இலைகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

களப்புப் பக்கம்: ஓர் இணைக்கவர்ச்சுட்டி

இப்போது கடலுக்கு முதுகைக் காட்டிக் களப்புப் பக்கம் நடங்கள். இனங்காணும் வேலையைச் சேற்றில் பழகுவது நல்லது, மரம் ஓடாது. இணைக்கவர்ச்சுட்டி என்று பள்ளியில் படித்ததை இங்கே மூன்று கேள்வியில் செய்துவிடலாம்.

அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றும் வேர்கள் இருக்கின்றனவா? இருந்தால் இலை நுனியைத் தடவுங்கள். சிறு முள் போல ஒரு கூர் விரலில் பட்டால் ரைசோஃபொரா மியூக்ரொனாட்டா, கண்டல். முன்சொல் வேர் தாங்குவது, பின்சொல் கூர்நுனி உடையது. ஊன்றுவேர் இல்லை, சேற்றிலிருந்து பென்சில்கள் நட்டு வைத்ததுபோல் மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் அவிசென்னியா மரினா, வெண்கண்டல். சில ஊரில் கண்ணா. இந்த மரங்களின் தமிழ்ப்பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறும், ஆகவே யார் எதை எப்படிச் சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள். இரண்டும் இல்லையா? இலைக்காம்பு முறிந்த இடத்தில் வெள்ளைப் பால் கசிகிறதா? அப்படியானால் கையை எடுத்துவிடுங்கள். அது தில்லை. நீங்களாக முறித்துப் பார்க்கவே கூடாது.

வெண்கண்டலின் பேரினப் பெயர் இப்னு சீனாவின் நினைவாக வைத்தது. ஐரோப்பியர் அவரை அவிசென்னா என்றார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அதன் குடும்பக் கதை. முன்பு தேக்கோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு தனிக் குடும்பம் என்றார்கள். மரபணுவைப் பார்த்தபின் இப்போது ஆடாதோடையும் கனகாம்பரமும் இருக்கும் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். மரம் அதே சேற்றில்தான் நிற்கிறது. மாறியது உறவைப் பற்றிய நம் கணிப்பு.

தில்லை இன்னொரு விதி சொல்லும். எக்ஸீக்கேரியா அகல்லோக்கா என்பது அதன் பெயர். முன்சொல் குருடாக்குவது என்ற பொருள் தருவது. பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்து வைத்த பெயர், சரி. பின்சொல்லோ அகில் மரத்தின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. தில்லைக்கும் அகிலுக்கும் உறவே இல்லை, குடும்பமே வேறு. பழைய மயக்கம் ஒன்று பெயரில் தங்கிவிட்டது. பொருள் பிழை என்பதற்காக விஞ்ஞானப் பெயரை மாற்ற முடியாது. சிதம்பரத்தில் தலமரமாக இருப்பவர் இதற்கெல்லாம் வருந்தப்போவதில்லை.

மூலமாதிரி

ஒரு பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறது? விவரணையோடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு தனி உடலோடு. ஓர் உலர்ந்த கொம்பு, ஓர் ஓடு, ஓர் எலும்புக்கூடு என்று எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலமாதிரிதான் பெயருக்கு நங்கூரம். அந்த மாதிரி எந்த இனமோ, அந்த இனத்துக்கே பெயர் சொந்தம்.

உச்சமுனையின் களப்புப் பக்கத்திலிருந்து கிழக்கே தெரியும் பெருநிலத்தில் வில்பத்துக் காடு இருக்கிறது. அங்கே நடமாடும் யானையின் பெயர் எலிஃபஸ் மாக்சிமஸ் லின்னேயஸ், 1758. வாழிடம் இலங்கை என்று லின்னேயசே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சுட்டிய மாதிரிகளில் ஒன்று, சாராயத்தில் போட்டு வைத்த பிறவாத குட்டி. சுவீடனில் இன்னும் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு பழைய மரபணுவையும் புரதத்தையும் சோதித்து, அந்தக் குட்டி ஆப்பிரிக்க யானை என்று நிறுவியது. விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தால் ஆசிய யானையின் பெயர் ஆப்பிரிக்க யானைக்குப் போயிருக்கும்! நல்லவேளை, லின்னேயஸ் மற்றொன்றையும் சுட்டியிருந்தார்: ஜோன் ரே என்ற ஆங்கிலேயர் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கண்டு விவரித்த எலும்புக்கூடு. அதைத் தேடிப் பிடித்து மூலமாதிரியாக அறிவித்தார்கள். அது ஹான்ஸ்கென் என்ற பெண் யானையுடையது. இலங்கையில் பிறந்து ஒல்லாந்துக்குக் கப்பலில் போய், ஊர் ஊராக வித்தை காட்டி, ரெம்பிராண்டின் கையால் வரையப்பட்டு, 1655இல் ஃபுளோரன்சில் செத்துப்போன யானை. ஆசியா முழுவதிலும் உள்ள யானைகளின் பெயர் இன்று கட்டப்பட்டிருப்பது அவள் எலும்போடுதான்.

இன்னொன்று நம் கடலிலேயே நடந்தது. 1963 ஜனவரியில் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் ஓர் அலகுத் திமிங்கிலம் கரையொதுங்கியது. தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல அதைப் புதிய இனம் என்று கண்டு, அதே ஆண்டு மெசோப்லொடொன் ஹொட்டாவுல என்று பெயரிட்டார். கூரிய அலகு என்று பொருள்படும் சிங்களச் சொற்கள். இரண்டே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் இது தனி இனமல்ல, 1958இல் யப்பானியர் விவரித்த மெசோப்லொடொன் ஜின்கோடென்ஸ்தான் என்று முடிவு கட்டினார்கள். ஹொட்டாவுல இணைப்பெயர்ப் பட்டியலில் ஒடுங்கிப்போனது. ஐம்பது ஆண்டு கழித்து, 2014இல், இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் கிடைத்த ஏழு மாதிரிகளின் மரபணுவையும் எலும்பையும் ஒப்பிட்டவர்கள் தெரணியகல சொன்னதே சரி என்றார்கள். புதுப் பெயர் தேவைப்படவில்லை. பழையது காத்திருந்தது. இரத்மலானையில் அந்த உடலை நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டு எலும்பைத் தொலைத்திருந்தால் இந்த வழக்கு திரும்ப எழுந்தே இராது.

சங்கு தோற்ற வழக்கு

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் முந்தியது வெல்லும். இது பொது விதி. விதிவிலக்கை நம் சங்கில் பார்க்கலாம். லின்னேயஸ் 1767இல் வொலூட்டா பைரம் என்றார். பைரம் என்றால் பேரிக்காய். பின்னர் பேரினம் பிரிந்தபோது இரண்டு பெயர் போட்டியிட்டன. 1798இல் ரோடிங் வைத்தது சாங்கஸ், 1799இல் லமார்க் வைத்தது டர்பினெல்லா. சாங்கஸ் என்று சொல்லிப் பாருங்கள், நம் சங்கின் ஒலி கேட்கும். ஓராண்டு மூத்தது வேறு. இந்தியாவின் பழைய மீன்வள நூல்களில் சாங்கஸ் பைரம் என்றே காண்பீர்கள். ஆனால் விலங்குப் பெயரீட்டுக்கான சர்வதேச ஆணைக்குழு, தன் தனி அதிகாரத்தால் சாங்கசை ஒதுக்கி டர்பினெல்லாவை நிறுத்தியது. வழக்கில் ஊன்றிய பெயரைக் காப்பதற்கு அந்த அதிகாரம் இருக்கிறது. எனக்கு இதில் இன்னும் ஆறவில்லை என்பதை ஒளிக்க மாட்டேன்.

வலம்புரிச் சங்கு தனி இனமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். இல்லை. அதே டர்பினெல்லா பைரம், சுருள் மட்டும் மாறிப் பிறந்தது. விலை எத்தனை மடங்கானாலும் அது ஓர் இனத்துக்குள் வரும் அபூர்வ வேறுபாடு மட்டுமே. இதை நினைவில் வைத்திருந்தால், நிறம் சற்று மாறிய நண்டைக் கண்டதும் புதிய இனம் என்று குதிக்க மாட்டீர்கள்.

உருவ ஒற்றுமையும் இதே மாதிரி ஏமாற்றும். வெளிக்கடலில் துள்ளும் ஓங்கிலும் களப்பின் கடற்புல்லை மேயும் ஆவுளியாவும் துடுப்பும் வாலுமாக ஒன்றுபோல் தெரியலாம். ஓங்கிலின் நெருங்கிய நில உறவு நீர்யானை. ஆவுளியாவின் உறவு வில்பத்து யானை. கடல் இருவருக்கும் ஒரே அச்சில் உடல் வார்த்திருக்கிறது. வகைப்பாட்டில் கேட்க வேண்டியது எதைப் போல இருக்கிறது என்பதல்ல, யார் வழியில் வந்தது என்பது.

குறிப்பேடு

தாளை ஐந்து பத்தியாகக் கோடிடுங்கள். திகதியும் நேரமும். இடம்: கடல் பக்கமா களப்புப் பக்கமா, மணலா சேறா புல்லா. கண்ட அடையாளங்கள். ஊர்ப்பெயர், சொன்னவர். கடைசியில்தான் விஞ்ஞானப் பெயர், அதுவும் பென்சிலில். இனம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்தி, இனம் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கமான எஸ்.பி. போடுங்கள். உறுதியில்லாத முழுப் பெயரைவிட நேர்மையான பாதிப் பெயர் பின்னால் வருகிறவருக்கு உதவும். படம் எடுக்கும்போது அருகே ஓர் அளவுகோல், இல்லையென்றால் பேனா. மீனுக்குப் பக்கவாட்டிலிருந்து, துடுப்பு விரித்து. செடிக்கு இலையின் இரு பக்கம், பூ, காய்.

பறித்துக்கொண்டு போகவோ பிடித்து அடைக்கவோ வேண்டாம். ஆமை, ஆவுளியா, ஓங்கில், திமிங்கிலம் எல்லாம் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. செத்துக் கிடந்தாலும் ஓடோ பல்லோ எடுக்கக் கூடாது. கரையொதுங்கியதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அல்லது நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்குத் தகவல் கொடுங்கள். அதுவரை தலை, வாய், துடுப்பு, வால், முழு நீளம் என்று படம் எடுத்து, தடி ஒன்றால் அளந்து வையுங்கள். கிட்டப் போகும்போது காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் படகுக்காரர் கிளம்பலாம் என்றால் உடனே கிளம்ப வேண்டும், இன்னும் ஒரு மரம் பார்க்கிறேன் என்று நிற்கக் கூடாது. ஏறுமுன் நான்காம் பத்தியை ஒரு தடவை பாருங்கள். ஊர்ப்பெயருக்கு நேரே சொன்னவர் யார், அவர் இந்த ஊரா, சிலாபத்திலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ பருவத்துக்கு வாடி போட வந்தவரா என்று எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் ஐயாவிடம் திரும்பிப் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கற்பிட்டித் துறையில் இறங்கியபின் அது நினைவுக்கு வராது.